கடைசி சைக்கிளின் கை

திருமயம் கோட்டைக்குக் கீழே ஒன்பது சைக்கிள்கள் நின்றன. இருட்டு இன்னும் பிரியவில்லை. கோட்டை மட்டும் ஆகாயத்தைவிடக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

ரெஜினா டீச்சரின் கழுத்தில் விசில் தொங்கியது. புதுக்கோட்டைப் பள்ளி ஒன்றில் அவர் விளையாட்டு ஆசிரியை. ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு நாள், விடியுமுன் கிளம்பி இருட்டுமுன் தரங்கம்பாடி சேர்கிற இந்தப் பயணத்தை நடத்துகிறவர் அவர்தான். ஒரு கோட்டையில் தொடங்கி இன்னொரு கோட்டையில் முடிகிற வழி. நடுவே தஞ்சை, குடந்தை, மாயவரம். ராஜாக்கள் தேரில் போன மண்ணில் நாம் மிதித்துப் போகிறோம் என்பார் டீச்சர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயரும்.

வயிரவன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சர்க்கரை வந்த பிறகு டீச்சரிடம் வந்து சேர்ந்தவர். தெருமுனை போவதற்குள் மூச்சு வாங்கிய ஆள், இப்போது குழுவிலேயே வேகமானவர்.

டீச்சருக்குத் தருமபுரிக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த தையில் விசில் யார் கழுத்தில் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. வயிரவனுக்கு அது வேண்டும். ஆசையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"முன்னால போறவனுக்கு என்ன வேணும்?"

டீச்சர் குனிந்து அவருடைய பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்து சரியா இருக்கு. கிளம்புங்க."

"பதில்?"

"தரங்கம்பாடியில."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊருக்குள் போகிறார்களோ அந்த ஊர்க்காரர் முன்னால் போவார். திருமயம் வயிரவனின் ஊர். அவர் முன்னால் போனார். பால் வாங்க வந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவர், "என்ன வயிரவா, கல்யாண ஊர்வலமா?" என்றார். வயிரவன் திரும்பவில்லை. ஆனால் முதுகு இன்னும் நேரானது.

திருமயத்தின் எல்லை தாண்டியது. வயிரவன் வேகத்தைக் குறைத்து ஒதுங்கப் பார்த்தார்.

"இருக்கட்டும்ணே. இன்னும் கொஞ்ச தூரம் நீங்களே போங்க" என்றார் டீச்சர்.

"போச்சு. இனிமே அண்ணனைப் பிடிக்க ரயில்லதான் போகணும்" என்றான் இர்ஃபான். பொறையாரிலிருந்து வந்திருந்த இளைஞன் அவன்.

வயிரவன் மிதித்தார். சாலை அவருக்காகவே போட்டதுபோல நீண்டது. கந்தர்வகோட்டை தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு பழைய சாலையில் திரும்பினார்கள். தார் பெயர்ந்து கிடந்த இடத்தில் ஒரு பள்ளம். கடைசி நொடியில் பார்த்து, மீன்போல வளைந்து ஒதுங்கினார்.

முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். அடுத்தவர் அதைப் பார்த்துத் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவார். அப்படியே கடைசி ஆள் வரை போகும். நெருங்கிப் போகும்போது முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும், சாலை தெரியாது. அந்தக் கைதான் சாலை.

வயிரவனின் கை கைப்பிடியிலேயே இருந்தது.

இரண்டாவதாக வந்தவர் தவமணி. கும்பகோணத்தில் நர்ஸ். பள்ளத்தில் இறங்கி ஏறாமல் சைக்கிளோடு சாய்ந்தார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

முழங்காலும் உள்ளங்கையும் சிராய்த்திருந்தன. முன்சக்கரம் கோணியிருந்தது. தவமணி தன் கையைத் தானே கழுவித் துணி சுற்றிக்கொண்டார்.

"ஏண்ணே, பள்ளம் உங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்ததா? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். வயிரவன் டீச்சரைப் பார்த்தார்.

"பார்த்தவுடனே ஒதுங்கிட்டேன் டீச்சர்..."

"ஆமா. அழகா ஒதுங்கினீங்க" என்றார் டீச்சர்.

சாலையோரம் ஆள் உயரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருந்தது. தவமணியின் சைக்கிளை அதில் துண்டால் கட்டித் தொங்கவிட்டான் இர்ஃபான். சக்கரத்தைச் சுழலவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான்.

"நல்ல வசதியா இருக்கே. இது என்ன கல்லு, அக்கா?"

"சுமைதாங்கிடா. இதுகூடத் தெரியாதா?" என்றார் தவமணி. "பிள்ளைத்தாச்சியா செத்துப்போனவ நினைவா நடுறது. தலைச்சுமையோட தனியா வர்றவங்களுக்கு இறக்கிவிட ஆள் இருக்காது. இந்தக் கல்லுல தாங்க வச்சுட்டு மூச்சு வாங்கிக்கலாம்."

"யார் நட்டது?"

தவமணி படுக்கைக் கல்லைத் தடவிப் பார்த்தார். எழுத்து இருந்த இடம் மழுங்கியிருந்தது.

"பேரு தேஞ்சுபோச்சு."

சக்கரம் நேரானது. டீச்சர் விசிலை ஊதினார்.

"வயிரவண்ணே, கடைசியில வாங்க."

வயிரவன் கடைசிக்குப் போனார். விசில் இனி தனக்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி ஊருக்கே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

தவமணி அவருக்கு நேர் முன்னால் வந்து சேர்ந்தார்.

"அண்ணனை நான் பார்த்துக்கறேன்" என்றார் எல்லோருக்கும் கேட்க.

கடைசியில் போவது வேறு பயணமாக இருந்தது. சாலை தெரியவில்லை. தவமணியின் முதுகும், துணி சுற்றிய கையும்தான் தெரிந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் கை இறங்கியது. பள்ளம், கல், ஓரத்து மணல். ஒன்றையும் விடவில்லை. துணியில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. வயிரவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலின் விமானம் தெரிந்ததும் டீச்சர் விசிலை நீளமாக ஊதினார். காரணம் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் ஊதுவார்.

கும்பகோணத்தில் தவமணி முன்னால் போனார். ஆஸ்பத்திரி வாசலில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் நின்று கைதட்டினார்கள். "சிஸ்டர், முழங்காலு!" என்று ஒருத்தி கத்தினாள். "முழங்கால் இருக்குடி, சைக்கிளைப் பாரு!" என்று கத்தியபடியே அவர் போனார். ஊர் எல்லை தாண்டியதும் மறுபடி வயிரவனுக்கு முன்னால் வந்துவிட்டார்.

மாயவரத்துக்குப் பிறகு கடல் காற்று எதிரே நின்று தள்ளியது. செம்பனார்கோயிலில் டீச்சர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"இங்க ஒரு சிநேகிதி வீடு இருக்கு. பார்த்துட்டு உள்வழியா வந்துடறேன். இர்ஃபான், உன் பக்கம் வந்தாச்சு, நீ முன்னால போ. கடற்கரையில பார்ப்போம்."

குழு நகர்ந்தது. வயிரவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. வெயில் முதுகில் சாய்ந்தது. நிழல்கள் முன்னால் நீண்டன.

திருக்கடையூர் நெருங்கும்போது தவமணியின் கை இறங்கியது. வயிரவன் பள்ளத்தைப் பார்த்தார். அவருடைய கையும் இறங்கியது.

தவமணி தற்செயலாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"யாருக்குண்ணே காட்டறீங்க? பின்னாடி காத்துகூட வரலியே, அதுவும் எதிர்லதானே அடிக்குது!"

வயிரவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த பள்ளம் வந்தது. கை மறுபடி இறங்கியது. அதன் பிறகு கடற்கரை வரை அவர் விடவில்லை.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையின் சுவர் மாலை வெளிச்சத்தில் சிவந்திருந்தது. சைக்கிள்களை மணலில் சாய்த்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். தவமணி சொல்ல, இர்ஃபான் எழுந்து நடித்துக் காட்டினான். சைக்கிளில் உட்கார்ந்ததுபோல் குனிந்து, வெறும் மணலுக்கு ஒவ்வொரு பள்ளமாகக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். வயிரவனும் சிரிக்கப் பார்த்தார்.

டீச்சர் வந்து இறங்கினார். அவர்கள் வந்த அதே சாலையில் வந்திருந்தார்.

"உள்வழியா வர்றேன்னீங்களே?" என்றார் தவமணி.

"வீடு பூட்டிக் கிடந்துச்சு. கொஞ்சம் தள்ளி உங்க பின்னாலயே வந்தேன்."

சிரிப்பு நின்றது.

டீச்சர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். நேராக வயிரவனிடம் போய் அவர் கையில் வைத்து விரல்களை மூடினார்.

முதலில் கைதட்டியது தவமணி. துணி சுற்றிய கையால் தட்டியதில் சத்தம் வரவில்லை.

இர்ஃபான் நின்றபடியே இருந்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல டீச்சர். பின்னால நீங்க வர்றது அண்ணனுக்குத் தெரியாது. ஆளே இல்லாத ரோட்டுலதானே கை காட்டினார்?"

"காலையில ஒரு கல்லுல சைக்கிளைக் கட்டினியே, தம்பி."

"ஆமா."

"அதை நட்டவங்க சைக்கிளைப் பார்த்திருப்பாங்களா?"

இர்ஃபான் உட்கார்ந்தான்.

வயிரவன் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் தன்னையே பார்ப்பது தாங்காமல் தலை குனிந்து மணலைப் பார்த்தார்.

"நிமிருங்கண்ணே" என்றார் டீச்சர். "வர்றவங்களுக்கு இனிமே உங்க முதுகுதான் தெரியும். நேரா வைங்க."