புல் கவ்விய மான்குட்டி

காட்டுக் குளம் ஒன்றின் கரையில் ஒரு புள்ளிமான் மந்தை இருந்தது. அந்த மந்தையில் ஒரு வழக்கம். பெண் குட்டிகள் தண்ணீர் குடிக்க வரும்போது வாயில் ஒரு புல்லைக் கவ்விக்கொண்டு வர வேண்டும். ஆண்கள் குடித்து, அம்மாக்கள் குடித்து, தங்கள் முறை வரும்வரை அப்படியே நிற்க வேண்டும். புல் கீழே விழக் கூடாது.

எதற்குப் புல்? வாய் திறக்காமல் இருக்கத்தான்! ஆண் குட்டிகளுக்கு அபாயக் குரல் கொடுக்கப் பழக்குவார்கள். பெண் குட்டிகளுக்குப் புல். குட்டி புல்லை விட்டால் அம்மாவுக்குத்தான் ஏச்சு. அன்றைக்கு அவள் எல்லோருக்கும் கடைசியாகக் கலங்கல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மந்தையில் மூத்தவள் தாழை. தினமும் ஒவ்வொரு குட்டியின் வாயாகப் பார்த்துக்கொண்டு வருவாள். வயதானாலும் அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், புல்லைப் பார்க்க மட்டும்!

பூளை என்ற மானுக்கு இரண்டு மகள்கள். மூத்தவளைப் போன கோடையில் இதே கரையில் சிறுத்தை அடித்துவிட்டது. ஒரு சத்தம் கேட்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது அவள் வாயில் புல் அப்படியே இருந்தது.

"சாகுறப்பவும் புல்லை விடலை பாரு! என்ன வளர்ப்பு!" என்று தாழை மெச்சினாள். மந்தையே தலையாட்டியது. பூளையும் தலையாட்டினாள். பாவம், அழுவதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

மிச்சம் இருந்தது சின்னவள் சாமை ஒருத்திதான்.

"நேத்து ரெண்டு தடவை புல்லை விட்டுட்டே. இன்னிக்கு விட்டே, காலை உடைச்சிருவேன்!" என்று பூளை மிரட்டினாள்.

"விட மாட்டேம்மா" என்றாள் சாமை.

புதருக்குள் படுத்திருந்த நரி இதைக் கேட்டது. நேராகச் சிறுத்தையிடம் ஓடியது.

"அண்ணே! ஆண் குட்டி பக்கம் போகாதீங்க. கத்திக் காட்டையே கூட்டிரும். வாயில புல்லு இருக்கிற குட்டியாப் பாருங்க. மூச்சு விடாது! புல்லை விட்டா அம்மாக்காரி காலை உடைப்பாளாம்!"

வெயில் சாயும் நேரம். மந்தை குளத்தில் இறங்கியது. சாமை கரையில், நாணல் ஓரமாக நின்றாள். வாயில் புல்.

நாணலுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன.

"பயந்துட்டியா பாப்பா?" என்று சிறுத்தை கிசுகிசுத்தது. "புல்லு விழுந்திரப் போகுது, பத்திரம்! விழுந்தா அம்மா காலை உடைச்சிருவாங்கல்ல?"

சாமைக்கு உடம்பெல்லாம் உதறியது. பல்லை இறுக்கிப் புல்லை இன்னும் கெட்டியாகக் கவ்விக்கொண்டாள்.

"சமர்த்து! அப்படியே நில்லு!"

சிறுத்தை ஒரு அடி நகர்ந்தது. அதன் வாய் நாற்றம் அவள் மூக்கில் அடித்தது. அம்மா பத்தடி தூரத்தில்தான் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தாழை வந்தாள். சாமையின் வாயைப் பார்த்தாள். பின்னால் நாணலைப் பார்க்கவில்லை.

"பூளை! உன் பொண்ணு இன்னிக்கு நல்லா நிக்கிறாடி! என்ன வளர்ப்பு!" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

பூளை பெருமையாகத் தலையை நிமிர்த்தினாள். அதே பேச்சை முன்பும் கேட்டிருக்கிறாள். எங்கே? மூத்த மகள் செத்துக் கிடந்த அன்று! சட்டென்று திரும்பி மகளைப் பார்த்தாள். காற்றே இல்லை. ஆனாலும் சாமையின் வாயில் இருந்த புல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சிறுத்தை! ஓடுடி சாமை! ஓடு!"

பிறந்ததிலிருந்து கத்தியே பழகாத குரல் அது. கரகரவென்று உடைந்து வந்தது. ஆனால் வந்துவிட்டது! சிறுத்தை பாய்ந்தது. சாமை தண்ணீரில் குதித்தாள். நகம் அவள் தொடையைக் கிழித்தது. உயிரைக் கிழிக்கவில்லை.

மந்தை எதிர்க்கரையில் ஏறி மூச்சு வாங்கியது.

"ஒரு பொம்பளை இப்படியா கத்துறது? மந்தை மானமே போச்சு!" என்றாள் தாழை.

பூளை அவள் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் காயத்தை நக்கிக்கொண்டே கேட்டாள்: "பக்கத்துல வந்து நிக்குதே! ஏண்டி நீ கத்தலை?"

சாமையால் பதில் சொல்ல முடியவில்லை. பல்லிடுக்கில் இன்னும் அந்தப் புல் இருந்தது. பூளைதான் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"கத்தினா புல்லு விழுந்திருமேம்மா" என்றாள் சாமை. "எனக்குச் சிறுத்தையை விட உன்னை நினைச்சாத்தான் பயமா இருந்துச்சு."

 பூளை மகளை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தினாள்.

"கத்து!"

முதலில் காற்றுதான் வந்தது.

"இன்னும் சத்தமா! இனி இதுக்கு உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க. நானும்தான்!"

மூன்றாம் முறை குரல் வந்தது. இன்னொரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். பின்னாலேயே மற்றொருத்தி. பழைய கரையில் நரி காதை மடக்கிக்கொண்டு கிளம்பியது.

வாயைத் திறக்காதே என்று மட்டும் சொல்லி வளர்த்த பெண் குழந்தை, தன்னைத் தின்ன வருபவன் முன்னாலும் வாய் திறக்காது. ஆகவே பெற்றவர்களே, உங்கள் மகளுக்கு முதலில் கத்தக் கற்றுக்கொடுங்கள்.