இலவச ஆஸ்பத்திரி வரிசை

நடனசபாபதிக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு நாற்பது. மலையடி ஆசிரமத்தில் அந்தக் குருவை எல்லோரும் அம்மை என்பார்கள். மூத்தவர் கீழே உட்கார்ந்து கேட்பதில் இருவருக்குமே கூச்சம் கிடையாது.

சபாபதி ஒரு ஷூ கம்பெனியில் சமூகப் பொறுப்புப் பிரிவின் தலைவர். மனிதர் தங்கமானவர்தான். விதி என்று வந்துவிட்டால் மட்டும் கண் மண் தெரியாது.

அன்று காலை கம்பெனிச் சட்டையோடே வந்துவிட்டார். கையில் பெரிய அட்டவணை.

"மூணு நாட்டுச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேம்மா. அமெரிக்காவுல ஊருக்கு நல்லது செய்யிறது கம்பெனி இஷ்டம். பிரான்சுல பெரிய கம்பெனியா இருந்தா, வேலை செய்யிறவங்களுக்கு என்ன ஆபத்து வரும்னு முன்கூட்டியே பார்த்துக்கணும். நம்ம நாட்டுல, லாபத்துல ஒரு பங்கை ஊருக்குச் செலவழிச்சே ஆகணும். ஆனா சொந்தத் தொழிலாளிக்குச் செஞ்சா அதுல சேராது. இதுல எதும்மா தர்மத்துக்குப் பக்கத்துல இருக்கு?"

"திடீர்னு ஏன் ஐயா இந்தச் சந்தேகம்?"

சபாபதி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"ஊர்க்காரங்களுக்குன்னு அந்தப் பணத்துல நாங்க ஒரு இலவச ஆஸ்பத்திரி நடத்துறோம். எங்க தையல் பிரிவுல செங்கமலம்னு ஒரு பொண்ணு. யூனிஃபார்ம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, வேற பேரைச் சொல்லி, நேத்து மத்தியானம் அங்க வரிசையில நின்னுருக்கு. காலர்ல கம்பெனி பேரைப் பார்த்துட்டு நர்ஸ் வெளியே அனுப்பிட்டாங்க. இந்தப் புகார்ல நான் கையெழுத்துப் போட்டா அதுக்கு வேலை போயிடும்."

"எதுக்கு வந்தாளாம்?"

"ஏழு மாசம். தலைசுத்தலாம்."

"இப்ப எப்படி இருக்கா?"

சபாபதி அட்டவணையைப் பார்த்தார். அதில் அது இல்லை.

"தெரியலைம்மா. தொழிலாளிங்களுக்குத் தனியா ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதான்."

அம்மை அவருடைய சட்டையைப் பார்த்தார்.

"உங்க சட்டையையும் திருப்பிப் போட்டுக்குங்க. போய் அதே வரிசையில நின்னுட்டு வாங்க."

சபாபதி உள்ளே போய்த் திருப்பிப் போட்டுக்கொண்டார். பொத்தானை உள்பக்கம் கைவிட்டுப் போட வேண்டியிருந்தது, பாவம், படாத பாடு பட்டார். சமையல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் ஓடினார்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தார். கையில் மாத்திரைப் பட்டை.

"நிக்கவே முடியலைம்மா."

"கூட்டமா?"

"முப்பது பேர் இருப்பாங்க. ஆனா நர்ஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்துட்டாங்க. ஞாபக மறதியில சட்டையை மாத்திப் போட்டுட்டீங்களே சார்னு சிரிச்சாங்க. நாற்காலி போட்டு பிரஷர் பார்த்தாங்க. கொஞ்சம் கூடுதலாம். டாக்டரே வந்து மாத்திரை கொடுத்தார்."

"நல்லதாப் போச்சு. வேளாவேளைக்குப் போட்டுக்குங்க." அம்மை உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு கேட்டார்: "நீங்களும் அந்தக் கம்பெனியில சம்பளம் வாங்குறவர்தானே ஐயா?"

"ஆமாம்மா."

"அப்ப உங்களை உள்ள விட்டது எந்த நாட்டுச் சட்டம்?"

சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டவணையை மடித்துக் கீழே வைத்தார். புகார்க் கடிதத்தை இரண்டாகக் கிழித்து அதன்மேல் வைத்தார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அம்மை அருகில் வந்து, ஒரு தம்ளர் மோரை அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல இதைக் குடிங்க."

குடித்தார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு நர்ஸைக் கூட்டிக்கிட்டுப் போறேம்மா," என்றார். "கொஞ்சம் வெயில் தாழட்டும்."

அம்மை மூலையிலிருந்த தன் குடையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நேத்து அவ திரும்பி நடந்தப்பவும் இதே வெயில்தான் ஐயா."