புள்ளிக்காக 'மே' சொன்ன அத்தை ஆடு

ஏய் ஆதிரை, காலைத் தூக்கி என் மேல போடு, பரவால்ல. போர்வை வேணாமா? சரி, வேணாம். மணி எட்டு கூட ஆகல, தெரியும். ஆனா நாளைக்குக் காலையில நீ, உங்கம்மா, நான் மூணு பேரும் தஞ்சாவூர் போகணும்ல, பேச்சு சொல்லிக் குடுக்குற அக்காகிட்ட. அதுக்குத்தான் சீக்கிரம் தூங்கச் சொல்றேன். ஊசி போடுவாங்கன்னு மத்தியானத்துலேர்ந்து கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கியே, அத்தை பாக்கலன்னு நெனச்சியா? கதை சொல்றேன், வா. நடு நடுவுல நீ 'ம்' கொட்டணும். கொட்டுவியா?

கொட்டுவா, கொட்டுவா. என் தங்கம் கொட்டுவா.

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சாம். உடம்பெல்லாம் கருப்பு, நெத்தியில மட்டும் சுண்ணாம்பைத் தொட்டு வச்ச மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அதனால அதுக்குப் பேரே புள்ளி. பாறை மேல ஏறுனா டொய்ங், இறங்குனா டொய்ங். காதை ஆட்டும், வாலை ஆட்டும், அம்மா மடியில முட்டி முட்டிப் பால் குடிக்கும். ஆனா மத்த குட்டியெல்லாம் மே மேன்னு கத்துறப்ப, புள்ளி மட்டும் கத்தாது. சும்மா பாத்துக்கிட்டு நிக்கும்.

ம். இது நான் சொன்னது. அடுத்ததுக்கு நீ சொல்லு.

அப்புறம், புள்ளிக்கு ஒரு அத்தை ஆடு இருந்துச்சு. கழுத்துல மணி, கிணிங் கிணிங். தொண்டை இருக்கே, அது ஊருக்கே கேக்கும். நானும் பஸ் ஸ்டாண்டுல மைக்கப் புடிச்சுக்கிட்டு பட்டுக்கோட்டை வண்டி, மன்னார்குடி வண்டின்னு நாள் பூரா கத்திட்டு வந்து வீட்லயும் கத்துறேன்ல, அந்த மாதிரின்னு வையேன். புள்ளி தண்ணித் தொட்டியைப் பாத்துச்சுன்னா அத்தை ஆடு, "மேஏ, புள்ளிக்குத் தாகம்." புள்ளி மரத்தைப் பாத்துச்சுன்னா, "மேஏ, புள்ளிக்கு அகத்திக்கீரை." சாயங்காலம் பட்டிக்குத் திரும்புறப்ப ஒவ்வொரு அம்மாவும் தன் குட்டியைக் கூப்பிடும், குட்டி குரல் குடுக்கும். புள்ளியோட அம்மா கூப்பிட்டா அத்தை ஆடுதான் குரல் குடுக்கும். பாசம்தான் எல்லாம். புள்ளைக்கு எதுக்குக் கஷ்டம்னு.

ம், சரி, இதையும் நானே போட்டுக்கிறேன்.

அப்போ ஊர்ல இருக்குற ஒவ்வொண்ணும் யோசனை சொல்ல வந்துச்சு. கிழட்டு எருமை வந்து, "வசம்பைச் சுட்டு நாக்குல தடவு"ன்னுச்சு. தடவுனாங்க. புள்ளி தூ தூன்னு துப்புனதுதான் மிச்சம். கோழி வந்து, "நாளானா தானா வரும், எங்க வீட்லயும் ஒண்ணு அப்படித்தான்"னுட்டுப் போயிருச்சு. அப்புறம் வாத்து வந்துச்சு. "அம்மாக்காரி சரியா பேச்சுக் குடுக்கல, அதான்"னுச்சு. அதைக் கேட்டுட்டு அம்மா ஆடு ரெண்டு நாளு தீனியே எடுக்கல. அந்த வாத்து எந்தத் தெருவுல இருக்குன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் மேய்ச்சலுக்குப் போன இடத்துல மழை புடிச்சுக்கிச்சு. டம் டமார்னு இடி. சோன்னு மழை. ஆடெல்லாம் திசைக்கு ஒண்ணா ஓடுது. புள்ளி ஓடி ஓடி ஒரு கருவேலம் புதருக்குள்ள மாட்டிக்கிச்சு. காலுல முள்ளு, அசைய முடியல. அம்மா ஆடு அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிடுது, "புள்ளீ, எங்கம்மா இருக்க?"

அப்போ ஏரிக்கரைப் பக்கத்துலேர்ந்து, "மேஏஏ."

அம்மா விழுந்தடிச்சு அங்க ஓடுச்சு. போய்ப் பாத்தா, அத்தை ஆடு மட்டும் நனைஞ்சுக்கிட்டு நிக்குது. "புள்ளி எங்க அண்ணி?" "தெரியலையே. நீ கூப்பிட்ட, பழக்கதோஷத்துல நான் குரல் குடுத்துட்டேன்." அம்மா மறுபடி கூப்பிட்டுச்சு. அத்தைக்கு வாய் நிக்குமா, மறுபடியும் "மேஏஏ." அப்போ அம்மா சொல்லுச்சு, "அண்ணி, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், கொஞ்சம் பேசாம இருங்க. எம் புள்ளை சத்தம் எனக்குக் கேக்கணும்." அத்தை வாயை மூடுச்சு. அப்பதான் தூரத்துல சலசல சலசலன்னு புதர் ஆடுற சத்தம் கேட்டுச்சு. புள்ளிதான் அவ்வளவு நேரமா ஆட்டிக்கிட்டு இருந்திருக்கு.

ஓடிப் போயி முள்ளை எடுத்து வெளிய கொண்டாந்துட்டாங்க, பயப்படாத. கொஞ்சம் இரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

ஞாயித்துக்கிழமை ஐஸ்காரர் வந்தாருல்ல. எது வேணும் பாப்பான்னு உன்னைத்தான் கேட்டாரு. சேமியா ஐஸ்னு நான் முந்திக்கிட்டுச் சொன்னேன். உன் விரலு வேற பக்கம் காட்டிக்கிட்டு இருந்துச்சு, வாங்குனதுக்கு அப்புறம்தான் பாத்தேன். நீ அதைத் திங்கவே இல்ல, முழங்கை வரைக்கும் உருகி ஓடுச்சு. அது அன்னையிலேர்ந்து மனசுல கெடக்கு எனக்கு.

சரி, கதைக்கு வா. அடுத்த நாள் மூணு பேருமா ஆமை அக்காகிட்டப் போனாங்க. ஆமை அக்காவுக்கு வேலையே உக்காந்து கேக்குறதுதான், அவசரமே கிடையாது. புள்ளி அம்மா காலுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு, நாக்கைப் புடுங்கிருவாங்களோன்னு. ஆமை அக்கா பாயை விரிச்சு, "அம்மா பக்கத்துலயே உக்காரு, விளையாடலாம்"னுச்சு.

முதல்ல என்ன பண்ணுச்சுன்னா, புதருக்குப் பின்னால போயி ஒரு காஞ்ச சுரைக்குடுக்கையை ஆட்டுச்சு. கிலுகிலு கிலுகிலு. புள்ளி திரும்புறதுக்குள்ள அத்தை ஆடு, "கேட்டுச்சு, கேட்டுச்சு, எங்க புள்ளைக்கு நல்லா காது கேக்கும்"னுச்சு. ஆமை அக்கா சிரிச்சுட்டு மறுபடி ஆட்டுச்சு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

ரெண்டாவது, ஆ காட்டுன்னுச்சு. நாக்கை நீட்டு, உள்ள போடு, கன்னத்தை உப்பு, புஸ்ஸுன்னு ஊது. அவ்வளவுதான். ஊசி இல்ல, கசப்பு இல்ல. அதுக்கும் அத்தைதான் முதல்ல நாக்கை நீட்டுச்சு. அப்போ ஆமை அக்கா ஒரு வாய் புல்லை எடுத்து, "அத்தை, இதை வாயில வச்சுக்கோங்க, முழுங்காதீங்க"ன்னு குடுத்துருச்சு.

மூணாவது, ஒரு பக்கம் அகத்திக்கீரை, ஒரு பக்கம் எருக்கிலை. "புள்ளி, எது வேணும்?" கேட்டுட்டு ஆமை அக்கா சும்மா இருந்துச்சு. புள்ளி இலையைப் பாக்குது, அக்காவைப் பாக்குது, அத்தையைப் பாக்குது. அத்தைக்குக் கண்ணு பிதுங்குது, வாய் நிறைய புல்லு. ஒரு எறும்பு வந்து கீரையில ஏறி இறங்கிப் போயிருச்சு. அப்பவும் அக்கா சும்மாதான் இருந்துச்சு. அப்போ புள்ளி கழுத்தை நீட்டி, மூக்கால அகத்திக்கீரையைத் தொட்டு, சின்னதா, "ம்."

ஆமை அக்கா சொல்லுச்சு, "கேட்டுச்சு."

அம்மா ஆடு அழுதுக்கிட்டே கேட்டுச்சு, "நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா அக்கா?" "நீயும் பண்ணல, அத்தையும் பண்ணல. சில குட்டிக்கு நேரமாகும், கூட கொஞ்சம் உதவி வேணும். அதுக்குத்தான நான் இருக்கேன். இங்க பாஸ், பெயில் எதுவும் கிடையாது. அடுத்த வாரம் வாங்க, இன்னும் விளையாடலாம்."

அவ்வளவுதான்டா கதை. நாளைக்கும் அப்படித்தான். நான் போன் போட்டுக் கேட்டுட்டேன். மாடியில ஒரு ரூம், பாய் விரிச்சிருப்பாங்க, பொம்மை இருக்கும், படம் இருக்கும். அம்மா மடியில உக்காந்துக்கலாம். வாயே திறக்கலன்னாலும் யாரும் திட்ட மாட்டாங்க. வர்ற வழியில நீ கை காட்டுற ஐஸ் வாங்குவோம், நீ காட்டுறதுதான். இந்தா பாரு, என் பையில கமர்கட்டு. உனக்கில்ல, எனக்கு. ரூமுக்குள்ள போறப்ப வாயில போட்டுக்கிட்டா அது கரையுற வரைக்கும் என்னால பேச முடியாது.

ஆனா ஒண்ணு கேக்கணும். நான் உள்ள வரட்டுமா, இல்ல வெளிய பெஞ்சுல உக்காந்துக்கட்டுமா? வரணும்னா ஒரு 'ம்' சொல்லு. வேணாம்னா சும்மா இரு, நான் கோச்சுக்க மாட்டேன். அவசரம் இல்ல. இப்ப நான் வாயை மூடிக்கிட்டேன்.

…

…

"ம்."

கேட்டுச்சு தங்கம். இது நான் சொல்லல, நீ சொன்னது. வர்றேன், உள்ள வர்றேன்.

ஆடெல்லாம் பட்டிக்குப் போயாச்சு, மணியைக் கழட்டியாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.