மாவுக் கடையில் கேட்ட கேள்வி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மெஹருன்னிசா பேசியது கொஞ்சம்தான். அதில் நான் ஒரு சொல்லைக் கூட்டிவிட்டால் அது அவள் சொன்னதாக இருக்காது.

நடந்ததை மட்டும் சொல்லப் பார்க்கிறேன்.

என் கணவருக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தேன். ஆபரேஷன் செலவை அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அவருக்குச் செய்கிற பரிசோதனைகளையும் திட்டமே பார்த்துக்கொண்டது.

கொடுத்தவளுக்கு ஒன்றும் கிடையாது. கொடுத்தவள் நோயாளி இல்லை. விதி அப்படி.

மெஹருன்னிசா தன் மகனுக்குக் கல்லீரலில் ஒரு பாகம் கொடுத்தவள். ஆற்காட்டில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். எங்களைப் போலக் கொடுத்த பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தவள் அவள்தான்.

கொடுத்தவர்களுக்கும் வருஷா வருஷம் பரிசோதனை உண்டு என்று திட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்காக எம்.எல்.ஏ. வீடு, அமைச்சர் ஆபீஸ் என்று அலைந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் எம்.எல்.ஏ.விடம் என்னையும் என் கணவரையும் அனுப்பினாள். திரும்பி வந்து கடை வாசலில் நின்று அழுதேன்.

"நான் போய் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்மா."

"என்ன பேசினீங்க?"

"நல்லா இருக்கீங்களாம்மான்னு கேட்டாரு. நல்லா இருக்கேங்கன்னேன்."

"அப்புறம்?"

"ரொம்ப சந்தோஷம்னு இதைப் போர்த்திட்டாரு. போட்டோ எடுத்தாங்க. கொடுத்தவங்களும் நல்லா இருக்காங்க, வாங்கினவரும் நல்லா இருக்காரு, திட்டத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்னு எல்லார்கிட்டயும் காட்டினாரு. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது? வந்துட்டேன்."

பொன்னாடை இன்னும் என் தோளில்தான் இருந்தது. மாவு வாங்க வந்த ஒருத்தி, "என்னக்கா, கட்சியில சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

"சென்னையில கூட்டம் வருது. திட்டத்தைத் திருத்தி எழுதப் போறாங்க. நம்ம பக்கத்துலேருந்து ஒருத்தர் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. நீங்க பேசுங்க."

"நானா? இப்பத்தானே கெடுத்துட்டு வந்தேன்!"

"அதனாலதான்."

"நீங்களே பேசுங்களேன். உங்களுக்குத்தான் பேச வரும்."

"எனக்குப் பேச வரும்னு அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுக்கா. நான் வாயைத் திறந்தாலே டீ சொல்லிடறாங்க. குடிச்சு முடிச்சதும் கும்பிட்டு அனுப்பிடறாங்க."

"அப்போ என்ன பேசணும்னு சொல்லிக் கொடுங்க. மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"நல்லா இருக்கேன்மா."

எழுந்து போய்க் கிரைண்டரில் அரிசியைப் போட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் போனேன்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

இதுதான் பாடம் என்று அப்போது புரிந்தது. யோசித்துச் சொன்னேன்.

"இவரு நல்லா இருக்காரு. எனக்கு அது போதும்."

உளுந்து எடுக்க உள்ளே போய்விட்டாள்.

அடுத்த முறை, கூட்டங்களில் பேசுகிறவர்கள் மாதிரி சொல்லிப் பார்த்தேன். "உறுப்புக் கொடுத்தவர்களுக்குப் பல சிரமங்கள் இருக்கின்றன."

"யாருக்கு?"

"கொடுத்தவங்களுக்கு."

"நான் உங்களைக் கேட்டேன்."

கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு என்ன பேசுவது?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றேன்.

"என்னையே கேக்கறீங்களே, நீங்க நல்லா இருக்கீங்களா?"

அவள் மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. குனிஞ்சா தழும்பு இழுக்குது. குண்டானைத் தூக்கினா மறுநாள் எழுந்திருக்க முடியல. பையன் லேசா இருமினாலும் கை கால் ஓடலை. அந்த எரிச்சல்ல அவனையே அடிச்சிடறேன். அப்புறம் உக்காந்து அழறேன்."

மாவு விலை சொல்வது போலச் சொன்னாள். பாக்கெட்டுக்காக நின்றிருந்த அம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பார்த்து இரு மெஹரு. ஆமா, நேத்து மாவு பொங்கவே இல்லையே?" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வேறொன்றும் நடக்கவில்லை. தெருவில் பஸ் போனது. கடை அப்படியே இருந்தது.

எனக்குத்தான் வியர்த்தது.

"என்னால முடியாதும்மா. இவரு காதுல விழுந்துச்சுன்னா, என்னாலதானே உனக்கு இப்படி ஆச்சுன்னு உடைஞ்சு போயிடுவாரு. மனசு விட்டுட்டா மாத்திரையை விட்டுடுவாரு. மாத்திரையை விட்டா நான் கொடுத்தது போச்சு. அவரும் போயிடுவாரு."

அவள் மீதி பாக்கெட்டுகளுக்கும் ரப்பர் போட்டு முடித்தாள்.

"கூட்டத்துக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

சென்னையில் பெரிய மேஜை. நடுவில் ஒரு பெண் அதிகாரி. ஒரு பக்கம் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்தவர். எதிர்ப்பக்கம் நானும் என் கணவரும். மெஹருன்னிசா பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கொடுக்கிறவங்களை நல்லா சோதிச்சு, ஆரோக்கியமா இருந்தாத்தான் எடுக்கிறாங்க மேடம். ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குக் காப்பீட்டுல என்ன வேலை?"

கேட்கும்போது எனக்கே சரி என்று பட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"திடமா இருக்கா மேடம். அவளுக்கு ஒன்னும் இல்ல," என்றார் என் கணவர்.

பயம் வந்தால் அவர் அப்படித்தான் சத்தமாகப் பேசுவார்.

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மெஹருன்னிசா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இல்லைங்க," என்றேன்.

"என்னம்மா?"

"நான் நல்லா இல்லைங்க."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

"சாயங்காலம் ஆனா கால் வீங்குது. மெட்டி விரல்ல ஏற மாட்டேங்குது. கழட்டி அரிசி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். டெஸ்டுக்குப் போகப் பயமா இருக்கு. இருக்கிறதே ஒன்னு. அதுலயும் ஏதோன்னு சொல்லிட்டா யார்கிட்ட போய் நிப்பேன்? இவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"தெரியும்," என்றார் அவர்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"மெட்டி இல்லாத காலைப் பார்த்தேன் மேடம். டப்பாவுல இருந்ததையும் பார்த்தேன். கேட்டா நெசமாயிடுமோன்னு கேக்கல."

கம்பெனிக்காரர் தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாக என் கணவர் பக்கம் நகர்த்தினார்.

அதிகாரி ஏதோ எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"பரிசீலிக்கிறோம்மா," என்றார்.

வெளியே வந்தோம். என் கணவர் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மரத்தடியில் நானும் மெஹருன்னிசாவும் நின்றோம்.

"அந்த வரியைச் சேர்த்துடுவாங்களாம்மா?"

"தெரியாதுக்கா."

"எப்பத்தான் தெரியும்?"

"அடுத்த கூட்டத்துல சொல்றோம்பாங்க. வரணும். அதுக்கும் அடுத்த கூட்டம்பாங்க. அதுக்கும் வரணும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

மெஹருன்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்ணில் உட்கார்ந்தாள். என் புடவைக் கரையை ஒதுக்கிக் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள்.

விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

நான் குனிந்து அதைப் பார்க்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரும் கூடவே வந்தார். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

சீட்டுக் கொடுக்கிற பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேஷண்ட் பேரு?"

அவர் பெயர் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பூங்காவனம்," என்று என் பெயரைச் சொன்னேன்.

"பேஷண்டை அந்த பெஞ்சுல உட்காரச் சொல்லுங்க. டாக்டர் கூப்பிடுவாரு."

போய் உட்கார்ந்தேன்.