குயில் மகனின் முடியாத பெயர்

பறவைகள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், குயிலுக்கும் சொந்தக் கூடு இருந்தது. மாமரத்துக் கவட்டையில், சுமாரான கூடுதான். ஆண்குயிலும் அப்போது கறுப்பு இல்லை. பெண்குயிலைப் போலவே பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருந்தான்.

அந்தக் கூட்டில் முதல் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. முட்டையை விட்டு வெளியே வந்ததும் அது செய்த முதல் வேலை, வாயைத் திறந்ததுதான். பசி.

ஆனால் உடனே ஊட்டிவிட முடியாது. பறவைகளுக்குள் ஒரு முறை இருந்தது. முதலில் அத்தை வந்து பிள்ளையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு நாக்கில் ஒரு சொட்டுப் பழச்சாற்றைச் சேனையாகத் தொட்டு வைக்க வேண்டும். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் சாயல் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் இரை.

மற்ற வீடுகளில் இது ஒரு நொடி வேலை. காக்கை தன் மகனுக்குக் கரியன் என்று வைத்தாள். மைனா தன் மகனுக்கு மூக்கன் என்று வைத்தாள். முடிந்தது. பிள்ளைகள் தின்றன, வளர்ந்தன.

அப்பாக்குயிலுக்கு அது போதவில்லை.

"மூக்கனா? அதெல்லாம் ஒரு பேரா? வாயைத் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோகுது. என் மகன் பேரைப் பாடணும். நீளமா, இழுத்து, மேலே மேலே ஏறிப் போகணும்."

அத்தைக்குயில் காலடியில் ஒரு வேப்பம்பழத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "சரி தம்பி, சொல்லு."

"இன்னிசைவாணன்."

அத்தை பிள்ளையின் காதருகே குனிந்தாள்.

"நில்லுக்கா! முன்னால இளவேனில் சேர்த்துக்கலாம். இளவேனில் இன்னிசைவாணன்."

அத்தை மறுபடி குனிந்தாள்.

"இரு அக்கா, இரு. கடைசியில இறங்குது பாரு. ஏறணும்."

கண்ணை மூடிக்கொண்டு பாடிப் பார்க்க ஆரம்பித்தான். ஒரு பெயர் பாடுவான், பிடிக்காது, நிறுத்துவான். திரும்ப முதலிலிருந்து.

"ஏங்க, மூக்கன்னே வச்சிடலாம்ங்க. பிள்ளை வாயை மூடவே இல்லை" என்றாள் அம்மாக்குயில்.

"பசி இன்னிக்கு வரும், இன்னிக்கே போயிடும். பேர் ஆயுசுக்கும் இருக்கும்."

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. "என் கூட்டிலயும் குஞ்சுங்க கத்திட்டிருக்கும். முடிவானதும் கூப்பிடு" என்று அத்தை பழத்தை வைத்துவிட்டுப் பறந்துபோனாள். பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

பக்கத்துக் கிளைக் காக்கை காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏப்பா, பேர் வைக்கிறியா, கோபுரம் கட்டுறியா?"

"அவசரப்படாதீங்கக்கா. அழகு அவசரத்துல வராது" என்றான் அப்பாக்குயில், கண்ணைத் திறக்காமலே.

"அது வரும்போது பிள்ளை இருக்கணுமே!"

அப்பாக்குயில் அடுத்த பெயரில் ஏறிக்கொண்டிருந்தான். காக்கை விருட்டென்று பறந்து வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பேர் சொல்லாம சேனை வைக்கக் கூடாதே" என்று அம்மாக்குயில் தடுத்தாள்.

காக்கை பிள்ளையின் காதில் குனிந்து, "டேய்" என்றாள். "சொல்லிட்டேன். அதான் பேரு. தள்ளு."

வேப்பம்பழத்தை அலகால் பிதுக்கிச் சாற்றை விட்டாள். பிள்ளை விழுங்கியது. மறுபடி வாயைத் திறந்தது. முழுப் பழத்தையும் ஊட்டினாள். பிள்ளையின் அலகோரத்தில் தொடங்கிய கறுப்பு, கழுத்து, இறக்கை என்று பரவி வால்வரை போனது.

"கிடைச்சிடுச்சு!" என்று அப்பாக்குயில் கண்ணைத் திறந்தான். கூட்டைப் பார்த்தான். "யாரு இது?"

"உங்க மகன்தான். உயிரோட இருக்கான்" என்றாள் அம்மாக்குயில்.

"பேரு?"

"டேய்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "டேய்னா... பின்னால ஏதாவது சேர்த்துக்கலாமா?"

அம்மாக்குயில் அவனைப் பார்த்தாள். காக்கை பக்கம் திரும்பினாள். "அக்கா, இவனை நீங்களே கொண்டுபோய் வளர்த்துடுங்க."

"இந்த ஒருத்தனோட சரி. அடுத்ததைக் கொண்டு வந்தே, கொத்திடுவேன்."

கத்துவாள், கொத்துவாள், ஆனால் நேரத்துக்கு ஊட்டுவாள். அம்மாக்குயிலுக்கு அது போதும். அடுத்த முறை முட்டை வந்தபோது கேட்கவே இல்லை. கேட்டால் திட்டு விழும். காக்கை இரைக்குப் போகும்வரை காத்திருந்து, அவள் முட்டைகளோடு சேர்த்து இட்டுவிட்டு வந்துவிட்டாள். தன் கூட்டைக் கலைத்தும் போட்டாள்.

கறுப்புப் பிள்ளை நன்றாக வளர்ந்தான். நிறம் காக்கையுடையது, பைத்தியம் மட்டும் அப்பாவுடையது. தனக்கு மகன் பிறக்கப்போகும் நேரம் வந்ததும் அவனும் ஒரு மாமரத்தைத் தேடிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு பெயர் பாட ஆரம்பித்தான்.

அன்று தொடங்கியதுதான், இன்றுவரை ஆண்குயில் கறுப்பாக இருப்பதும், சித்திரை வெயிலில் இலைக்குள் உட்கார்ந்து தாழ ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, பிடிக்காமல் சட்டென்று நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பதும். பிள்ளை அதைக் கேட்பதுகூட இல்லை. அது காக்கைக் கூட்டில் தின்றுகொண்டிருக்கிறது.