கரையில் இருமாத மோட்டார்

"திருடனைத்தான் விரட்டியாச்சே. பிறகும் ஏன்வே இது இருமுது?"

வந்ததும் வராததுமாக இன்னாசி இப்படித்தான் கேட்டான். மோட்டாரையும் எண்ணெய் டேங்கையும் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

பெர்க்மான்ஸ் கையைத் துடைத்தான். அந்த ஆள் அப்படித்தான். படகு மோட்டார் பழுதுபார்ப்பவன். எதைக் கேட்டாலும் முதலில் கையைத் துடைப்பான், பிறகு கேட்டவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நிற்பான். எங்கள் கடற்கரையில் பாதிப்பேர் அவனை ஞானி என்பார்கள். மீதிப்பேர் மண்டைக்கனம் பிடித்தவன் என்பார்கள். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது.

"எந்தத் திருடன்?" என்றான் கடைசியில்.

இன்னாசி கொட்டித் தீர்த்துவிட்டான்.

திருடன் வேறு யாருமில்லை, அவன் மச்சினன் சவேரியான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே படகில்தான் தொழிலுக்குப் போனார்கள். போன மழைக்காலத்தில் ஒருநாள் நடுக்கடலில் மோட்டார் நின்றுவிட்டது. பார்த்தால், மண்ணெண்ணெயில் தண்ணீர். மச்சினன் எண்ணெயை எடுத்து விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைக்கிறான் என்று இன்னாசிக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் தோன்றினதுதான், பிறகு அந்த மண்டைக்குள் வேறெதுவும் போகாது.

அன்றே டேங்கு மூடியை இறுக்கினான். மூடி மேலிருந்த சின்னத் திருகையும் இறுக்கினான். அது போதாதென்று அதற்கு மேல் சைக்கிள் டியூபை வரிந்து கட்டினான். கட்டுவதும் அவிழ்ப்பதும் தன் கைதான், வேறு எந்தக் கையும் படக்கூடாது என்று வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் இருமல் ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும். பிறகு இருமும், திணறும், நிற்கும். கட்டை அவிழ்த்து உள்ளே பார்ப்பான். தண்ணீர் இருக்காது. மறுபடி வரிந்து கட்டிக் கிளப்பினால் ஓடும். கொஞ்ச தூரத்தில் மறுபடி இருமும். சவேரியான் வேறேதோ கள்ளவேலை செய்கிறான் என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனைக் கோயில் கொடிமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஊரே நின்று பார்க்க, கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னான்.

"பண்ணினானா?"

"எங்க பண்ணினான்? 'அத்தான், அந்த டேங்கு' அப்படீன்னு என்னமோ இழுத்தான். டேங்கு பேரையே எடுக்காதேன்னுட்டேன்."

அந்த வாரமே சவேரியான் கொல்லம் பக்கம் போய்விட்டான். அங்கே யாருடைய படகிலோ கூலிக்குப் போகிறானாம்.

இப்போது இன்னாசியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவர்கள் குடும்பத்தில் தாய்மாமன் கைப்பிடித்துக் கூட்டிப்போகாமல் எந்தப் பெண்ணும் மணக்கோலத்தில் கோயில் படி ஏறினதில்லை. பெண்டாட்டி பிலோமி ஒரே வார்த்தைதான் சொன்னாளாம், என் தம்பி வராமல் இந்த வீட்டில் கல்யாணம் இல்லை என்று. அதோடு சரி. சோறு போடுகிறாள், பேச்சில்லை. மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். இன்னாசி ஊருக்காக ஒருதடவை போன் பண்ணிப் பார்த்தான். சவேரியான் எடுக்கவில்லை.

"திருடன் காலில் போய் விழச் சொல்லுதாளுவ," என்றான் இன்னாசி. "அதை விடும். மோட்டாரைப் பாரும்."

வேறு மெக்கானிக்குகளிடம் காட்டாமலில்லை. எல்லோரும் டேங்கைத் திறந்து எண்ணெயை மோந்து பார்த்தார்கள், திறந்தது திறந்தபடியே ஓடவிட்டார்கள். அருமையாக ஓடியது. மோட்டாரில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒருத்தன் மட்டும், கிழட்டு மோட்டார், எடைக்குப் போடும் என்றானாம்.

பெர்க்மான்ஸ் மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் மாட்டினான்.

"கடல்ல எப்படிக் கட்டுவீரோ, டேங்கை அப்படியே கட்டும்."

இன்னாசி மூடியை இறுக்கினான், திருகை இறுக்கினான், டியூபை வரிந்து கட்டினான்.

மோட்டார் கிளம்பியது. நன்றாகத்தான் ஓடியது. பெர்க்மான்ஸ் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். இன்னாசிக்குக் கோபம் வந்தது. ஓடுகிற மோட்டாரை வேடிக்கை பார்க்கவா ஆட்டோ பிடித்து வந்தேன் என்று முணுமுணுத்தான்.

பீடி முடிகிற நேரத்தில் மோட்டார் இருமியது. திணறியது. நின்றது.

"பாத்தீரா! இதேதான்!" இன்னாசி கட்டை அவிழ்க்கப் பாய்ந்தான்.

பெர்க்மான்ஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். அந்தக் கையில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் திணித்தான்.

"வாயை எடுக்காமக் குடியும்."

இன்னாசி முறைத்தான். இருந்தாலும் குடித்தான். இரண்டு மடக்கு இறங்கியது. பாட்டில் நசுங்கிக்கொண்டே வந்தது. உறிஞ்சினான், கன்னம் ஒட்ட உறிஞ்சினான்.

"வரமாட்டேங்குதே," என்றான், வாயை எடுத்துவிட்டு.

பெர்க்மான்ஸ் டேங்கைக் காலால் காட்டினான்.

டேங்கின் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கிக் கிடந்தன.

இன்னாசி ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து டியூபை மெதுவாக அவிழ்த்தான். மூடியைத் தொடவில்லை. மேலிருந்த சின்னத் திருகை மட்டும் தளர்த்தினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. ஒடுங்கின பக்கம் டொப்பென்று நிமிர்ந்தது.

"முதல்ல தண்ணி வந்துச்சே, அன்னைக்கு மழையோ?" என்று கேட்டான் பெர்க்மான்ஸ்.

"முந்தின ராத்திரி பூராவும் அடைமழை."

"டேங்கு?"

"படகுலதான் கிடந்துச்சு."

"திருகு?"

இன்னாசி கையிலிருந்த டியூபைச் சுருட்டினான். மழைக்கு டேங்கை வீட்டுக்குத் தூக்கி வருவது அவன் வேலை. அன்றைக்குச் சோம்பலில் அப்படியே விட்டுவிட்டான். திருகு திறந்துதான் கிடந்திருக்கும்.

பெர்க்மான்ஸ் மோட்டாரைக் கிளப்பினான்.

ஓடியது. இன்னொரு பீடி முடிந்தது. டீ வந்தது, டீ ஆறியது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னாசி அதன் பக்கத்தில் நின்றான். சனியன் பிடித்த மோட்டாரே, ஒரே ஒருதடவை இருமேன் என்று அவன் மனசு கெஞ்சியது. ஒருதடவை இருமினால் போதும், சவேரியான் மேல் கொஞ்சமாவது குற்றம் மிஞ்சும். அது இருமவே இல்லை.

"நிறுத்தும்வே," என்றான்.

"ஓடட்டும்."

"நிறுத்தும். கேக்க முடியலை."

பெர்க்மான்ஸ் வேகத்தை மட்டும் குறைத்தான். தன் போனை எடுத்து எண்ணைத் தேடினான்.

"உம்ம போனைத்தான் எடுக்கமாட்டான். என் போனை எடுப்பான்."

"நான் என்னன்னுவே சொல்லுவேன்? எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் பேசுவேன்?"

"நீரு ஒண்ணும் பேசவேண்டாம்."

மணி அடித்தது. அந்தப் பக்கம் சவேரியான் எடுத்தான். "சொல்லுங்கண்ணே," என்றான். பெர்க்மான்ஸ் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மோட்டார் பக்கம் நீட்டிப் பிடித்தான். எத்தனையோ வருஷம் தினமும் கயிற்றை இழுத்துக் கிளப்பின மோட்டார். சவேரியானுக்கு அதன் சத்தம் தெரியாதா?

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவான் என்றுதான் இன்னாசி நினைத்தான்.

"அத்தான்," என்றது போன். "திருகைத் தொறந்துட்டீங்களா? அன்னைக்குக் கொடிமரத்தடியில அதைத்தான் சொல்ல வந்தேன்."