தேரை நகர்த்தும் துப்பாக்கி

கொம்பனேரி ஜமீனில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. இருநூறு வயசு, தந்தப் பிடி, குழல் முழுக்க வெள்ளிக் கொடி. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதும். பொறி வெளிக்கிண்ணத்து வெடிமருந்தில் விழும். அந்தத் தீ, ஊசி நுழையும் அளவுத் துளை வழியே குழலுக்குள் போய் இடியாக வெளிவரும். அந்த இடி கேட்காமல் அம்மன் தேர் ஓரடி நகராது.

அதைத் துடைத்து வைப்பவள் மாடத்தி. துடைக்கும்போது மூச்சுக்கூட விடமாட்டாள். போன ஆயுத பூஜையில் ராணியம்மா பக்கத்திலேயே நின்று, "ஒரு எடம் விடாம சந்தனம் பூசு. இன்னும், இன்னும்" என்றார். இவளும் பூசினாள்.

தேரன்று ராணியம்மா விசையை இழுத்தார். கிண்ணத்தில் குப்பென்று தீ எழுந்தது, இடி இல்லை. ஊரே வெயிலில் நிற்கிறது.

ராணியம்மா கொதித்தார். "சரிபண்றவங்களுக்குத் தேரோட முதல் வடம் பிடிக்கிற உரிமை. கெடுத்தது யாராயிருந்தாலும் இனி அரண்மனைத் தலைவாசலை மிதிக்கக்கூடாது. அம்மன் மேல ஆணை!"

கடிகாரம் பழுதுபார்க்கும் தாவீது, உள்ளிருந்த ஸ்பிரிங்கை மாற்றினார். கல் ஓங்கி மோதியது, மறுபடி குப். கொல்லர் ஆறுமுக ஆசாரி இரும்பைக் காய்ச்சித் தோய்த்தார். பொறி மழையாய்க் கொட்டியது, மறுபடி குப்.

மாடத்தி உற்றுப் பார்த்தாள். தீ வெளியே எரிகிறது, உள்ளே போகவில்லை. துளையில் ஒரு மஞ்சள் புள்ளி! வாயைத் திறந்தால் வேலை போகும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். திறக்காவிட்டால் தேர் நகராது.

"அது நான் பூசின சந்தனம்," என்றாள்.

மருந்தையெல்லாம் கொட்டச் சொல்லி, முந்தானை ஊக்கைக் கழற்றித் துளையைக் குடைந்தாள். குழலில் புது மருந்து கெட்டித்து விசையை இழுத்தார்கள்.

மலையே வாய் திறந்து பேசியது போலிருந்தது! கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் வானில் எழ, ஊர் கைகூப்பியது.

அப்புறம்தான் வழக்கு.

"என் ஸ்பிரிங் இல்லாம கல்லு மோதுமா?" என்றார் தாவீது.

"மோதினா போதுமா வே? பொறி என்னோடது," என்றார் ஆசாரி. பிறகு மாடத்தியிடம் திரும்பி, "ஏட்டி, துளைய அடைச்சவளே நீதான். ஒனக்கு வடம் கேக்குதோ?"

இப்போது சொல்லுங்கள்: முதல் வடம் யாருக்கு? தலைவாசல் அடைபடுவது யாருக்கு?

விடை: எவரும் கை வைக்கும் முன்பே கிண்ணத்தில் தீ எழுந்ததல்லவா? அப்படியென்றால் ஸ்பிரிங்கும் நல்லது, இரும்பும் நல்லது. இருவரும் கெடாததைச் சரிசெய்தார்கள். வடம் மாடத்திக்குத்தான். துளையை அடைத்ததும் அவள் கைதான். ஆனால் "இன்னும், இன்னும்" என்ற வாய் வேறு. யாரும் சொல்லும் முன்பே ராணியம்மாவுக்கு அது உறைத்துவிட்டது. தேர் நிலைக்கு வந்ததும், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டுத் தொழுவத்து வழியாக அரண்மனைக்குள் போனார்.